மத்தியக் குழுவில் கிளை உறுப்பினருக்கு என்ன பங்கு?
கூடலூர் தேயிலைத் தோட்டத்தில் மார்க்சிஸ்ட் கட்சிக் கிளையில் இருக்கிறேன், டெல்லியில் கூடும் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடி ஓட்டு கிடையாது, ஆனால் பங்கு உண்டு. கிளை மாநாட்டில் செயலாளரோடு மேல் மாநாட்டுக்கான பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கிறீர்கள் இல்லையா, அந்த வரிசைதான் இடைக்குழு, நீலகிரி மாவட்டம், மாநிலம், அப்புறம் அகில இந்திய மாநாடு என்று படிப்படியாக மேலே போகிறது. வழக்கமாக 3 ஆண்டுக்கு ஒருமுறை கூடும் அந்த மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மத்தியக் குழு அரசியல் தலைமைக் குழுவையும் (பொலிட்பீரோ) பொதுச் செயலாளரையும் தேர்ந்தெடுக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. புதிய குழுவுக்கான பெயர்ப்பட்டியலை முன்மொழிவதே பழைய குழுதான். பட்டியலில் உள்ள பெயரை எந்தப் பிரதிநிதியும் எதிர்க்கலாம், வேறு பெயரைச் சொல்லலாம், போட்டி வந்தால் ரகசிய வாக்கெடுப்பு. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அகில இந்திய மாநாட்டில் அப்படித்தான் மகாராஷ்டிரத்தின் டி.எல். கராட் போட்டியிட்டு, 31 ஓட்டு வாங்கித் தோற்றார். தோற்றாலும் அவர் நின்றது கட்சிக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன், பயன்படுத்தாத உரிமை காகிதத்தோடு போய்விடும்.

காங்கிரஸில் வேறு மாதிரி. கட்சியின் உயர் அமைப்பான செயற்குழுவில் ஒரு பகுதியைத் தேர்தல் மூலம் நிரப்ப விதி இருந்தும், 2023 ராய்ப்பூர் மாநாட்டின்போது எல்லாரையும் தலைவரே நியமிக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள்.