ரவுட்டரை மாற்றியதிலிருந்து பேட்டரி வீடியோ காலிங் பெல் வைஃபையில் இணையவில்லை. பலமுறை ரீசெட் செய்தும் பயனில்லை. என்ன செய்வது?

முதல் வேலையாக அந்த ரீசெட் பொத்தானிலிருந்து கையை எடுங்கள்.

விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது, செயலி 'இணைக்க முடியவில்லை' என்று சொல்கிறது என எழுதியிருக்கிறீர்கள். இதை வைத்துப் பார்த்தால் பெல்லில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. உறவுக்காரர்கள் யார் வீட்டில் இந்த பெல் முரண்டு பிடித்தாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். நான் பார்த்தவரை பெல்லே கெட்டுப்போயிருந்தது அபூர்வம். பேட்டரி, கைபேசி, ரவுட்டர் இந்த மூன்றில் ஒன்றுதான் காலை வாரிவிடும். அதிலும் கைபேசியை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

பொத்தான் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பல பெல்களில் ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை. அழுத்தி உடனே விட்டால், புதிய வைஃபையை ஏற்றுக்கொள்ளும் நிலைக்குப் போகும். 10 முதல் 20 விநாடி வரை அழுத்திப் பிடித்தால், உள்ளே பதிந்திருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடையில் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பும். ரவுட்டர் மாறியதற்கு முதலாவது போதும். செயலியில் அந்த பெல்லுக்கான அமைப்புகளைத் திறந்தால் வைஃபையை மாற்றுவதற்கென்றே ஒரு வழி இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். கணக்கிலிருந்து பெல்லை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சில சேவைகளில் அப்படி நீக்கினால் பழைய பதிவுகளும் சேர்ந்து போய்விடும். நீக்கியே ஆகவேண்டும் என்றால், வேண்டிய காட்சிகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தான் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். ரிங் நிறுவனத்தின் முதல் தலைமுறை பெல்லில் பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்; அடுத்து வந்த பேட்டரி மாடல்கள் சிலவற்றில் முன்மூடியைக் கழற்றினால் பக்கவாட்டில் கறுப்பாகத் தெரியும். வேறு சிலவற்றில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளைதான். மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை பெரும்பாலும் நட்சத்திர வடிவில் இருக்கும். பெட்டியோடு வந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுங்கள். சமையலறைக் கத்தியால் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் மூடியே வராது.

அடுத்தது பேட்டரி. செயலியில் 30 சதவீதம் என்று காட்டுகிறது, அது போதாதா என்று கேட்பார்கள். சும்மா தூங்கிக்கொண்டிருக்கும் பெல்லுக்குப் போதும். வைஃபையைத் தேடி இணையும்போது மின்னோட்டம் திடீரென ஏறும். தளர்ந்த பேட்டரி அந்த நேரத்தில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்காது. விளக்கு மினுக்கிப் பாதியில் அணைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜ் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றக்கூடிய ரிங் பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியும். பச்சை மட்டும் நின்றால் நிறைந்துவிட்டது. உறைபனி விழும் ஊரில் இருந்தால் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் விட்டபின் சார்ஜ் செய்யுங்கள். லித்தியம் அயன் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. திரும்பச் செருகும்போது 'க்ளிக்' என்ற ஓசை கேட்கவேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த பேட்டரியால் வீணாய்ப்போன மாலைகள் ஏராளம்.

இப்போது கைபேசிக்கு வருவோம். பல பெல்கள் புதிய வைஃபையை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு நிலைக்குப் போனதும் தாமே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கும். கைபேசி அதில் இணைந்து, உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பெல்லுக்குக் கொடுக்கும். அந்தத் தற்காலிக வைஃபையில் இணையம் கிடையாது. சிக்கலே அங்குதான். இது வேலைக்காகாத வைஃபை என்று கைபேசி தானாக முடிவுகட்டி, உங்களைக் கேட்காமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அடுத்த முறை முயலும்போது திரையின் மேல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். வைஃபை அடையாளம் வரும், சில விநாடி நிற்கும், பிறகு அது இருந்த இடத்தில் 4ஜி என்று எழுத்து தோன்றும். அந்த நொடியிலேயே இணைப்பு அறுந்துவிட்டது. செயலியோ ஒன்றும் அறியாமல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், கடைசியில் பழியை பெல்லின் மேல் போடும்.

மாற்று எளிது. தொடங்குவதற்கு முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி இருந்தால் அதையும் அணையுங்கள். 'இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, தொடரவா?' என்று கேட்டால் தொடரச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் அருகிலுள்ள வைஃபைகளின் பட்டியல் வராமல் போகலாம். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் உள்ளூர் நெட்வொர்க் அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. முதல்முறை கேட்டபோது மறுத்திருந்தால் அமைப்புகளுக்குள் போய்த்தான் திறக்கவேண்டும்.

உங்கள் பெல் க்யூஆர் கோடைப் படிக்கும் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை. செயலி அந்தக் கோடைக் கைபேசித் திரையில் காட்டும். திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, பெல்லின் கேமராவுக்கு முன் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரையில் விளக்கின் பிரதிபலிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரில் பார்க்கவேண்டியது அலைவரிசை. பேட்டரி பெல்களில் மிகப்பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து காட்டுகின்றன. கைபேசி 5இல் இருக்கும், பெல் 2.4ஐத் தேடும், சில செயலிகள் இந்த இடத்தில் குழம்பிவிடும். ரவுட்டரின் அமைப்புகளில் 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு இணையுங்கள். முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 (புதிய முறை) மட்டும் என்று இருந்தால், அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். 2.4 அலைவரிசை சேனல் எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும்; ரவுட்டர் சேனல் 12 அல்லது 13இல் இருந்தால் சில பெல்களின் கண்ணுக்கு அந்த வைஃபையே தெரியாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள்.

ரவுட்டரை மாற்றும் எவருக்கும் நான் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால், பாதுகாப்பு முறையும் ஒத்துப்போனால், வீட்டிலுள்ள சாதனங்கள் பெரும்பாலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். எதையும் ரீசெட் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பெல் நீண்ட அழுத்தலில் பழைய பெயரை மறந்திருக்கும், ஆகையால் அதற்கு மட்டும் இது இனிமேல் உதவாது.

இணைப்பதைக் கதவருகே நின்று செய்யாதீர்கள். பெல்லைக் கழற்றிக்கொண்டு ரவுட்டர் இருக்கும் அறைக்கே வாருங்கள். அங்கே இணைந்து, வாசலில் மாட்டியதும் அறுந்தால் தூரமோ சுவரோ இரும்புக் கதவோதான் காரணம். சில செயலிகள் வைஃபை சமிக்ஞையின் வலிமையை ஆர்எஸ்எஸ்ஐ என்று ஒரு எண்ணாகக் காட்டும். அது கழித்தல் குறியோடு வரும். சுழியத்துக்கு எவ்வளவு அருகே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. -60க்கும் சுழியத்துக்கும் இடையே என்றால் கவலை இல்லை. -70ஐத் தொட்டால் இணைந்தாலும் காட்சி திக்கித் திக்கித்தான் வரும். ஒவ்வொரு 3 எண்ணுக்கும் சமிக்ஞையின் வலிமை பாதியாகிறது என்பதால் ரவுட்டரைச் சற்றே நகர்த்தி வைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

வீட்டுக்குள் ஒலிக்கும் தனி மணிப்பெட்டி வைஃபையில் இயங்குவதாக இருந்தால், அதையும் புதிய ரவுட்டரில் தனியாக இணைக்கவேண்டும். வாசல் பெல் இணைந்தும் உள்ளே சத்தம் வரவில்லை என்ற புகார்களில் பல இதனால்தான். நேரலைக் காட்சி திறக்கச் சில விநாடி ஆவது இயல்பு. பேட்டரியை மிச்சப்படுத்த கேமரா தூங்கிக்கொண்டிருக்கும், எழுந்து இணைய நேரம் பிடிக்கும்.

கைமாறி வந்த பெல் என்றால் கதை வேறு. ரீசெட் செய்தாலும் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது விலகாத மாடல்கள் உண்டு. அவரே தம் செயலியில் நீக்கினால்தான் உங்கள் கணக்கு ஏற்கும்.

இவ்வளவும் செய்தபிறகு, முழு சார்ஜுடனும் குறுகிய அழுத்தலுக்கு விளக்கே எரியவில்லை என்றால், அப்போது நீண்ட அழுத்தலைச் செய்யுங்கள். பொத்தானை விட்டபின் ஒரு நிமிடமாவது பெல்லைத் தொடாமல் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பில்லைத் தேடி எடுத்து உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.