கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஏன் வருகிறது? கொல்ல வேண்டுமா?

அது வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு தின்று வளரக்கூடிய செடியை அதன் ‘உணவுத் தாவரம்’ என்பார்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, லீமா (எலுமிச்சை இனச் சிறு பழம்) எல்லாம் ஒரே குடும்பம். தாய்ப்பூச்சி இலையில் கால் வைத்தே ருசி பார்க்கும். அந்தக் குடும்பத்துக்கே உரிய வேதிப்பொருள் தட்டுப்பட்டால்தான் முட்டையிடும். வெற்றிலைக்காரர் கிள்ளி முகர்ந்து கும்பகோணம் வெற்றிலையா என்று சொல்வதைப் போல.

முட்டை வெளிர்மஞ்சள், கடுகைவிடச் சிறியது, பெரும்பாலும் கொழுந்தில் இருக்கும். இளம் புழு பறவை எச்சம் போலவே தெரியும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. பிறகு பச்சையாகும். மொத்தம் இரண்டு மூன்று வாரம் தின்று கூட்டுப்புழுவாகும்.

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு நடைவழித் தொட்டியில் ஓரடிச் செடி என்றால் ஒரு புழுவே மொட்டையடித்துவிடும். ஒன்றை விட்டு மற்றவற்றை, சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய லீமாச் செடிக்கு மாற்றுங்கள். ஆனால் புதிதாக வாங்கிய செடியில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம். தின்ற புழு செத்துவிடும். மொட்டையான செடி வேர் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். தண்ணீரை மட்டும் குறையுங்கள், இலையில்லாச் செடி குறைவாகவே குடிக்கும்.

தொட்டால் அரிக்கும் என்பது தவறு: அரிப்பது மயிர்ப்புழு, இதற்கு மயிரே கிடையாது; சீண்டினால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி நாற்றம் விடும், அவ்வளவுதான்.