என் ஓவியம் அவர்கள் டி-ஷர்ட்டில்: சட்டம் எதுவரை துணைக்கு வரும்?

கேள்வி: நான் எந்த நிறுவனத்தையும் சாராமல் படம் வரைந்து, அஞ்சலட்டைகளாகவும் துணிப்பைகளாகவும் ஆன்லைனில் விற்கிறேன். எருமையின் முதுகில் கொக்கு உட்கார்ந்திருக்கும் என் ஓவியத்தை ஒரு பனியன் நிறுவனம் டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறது. கொக்கைத் திசைமாற்றி, நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, “இணையத்தில் கிடந்தது. பதிவு செய்திருக்கிறீர்களா?” என்கிறார்கள். நான் எதையும் பதிவு செய்யவில்லை. வழி உண்டா? (ஓவியர், கோவை)

பதில்: உண்டு. பதிவு பற்றிய அவர்களுடைய கேள்விக்கு மயங்க வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் வரைந்த அன்றே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும். பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் ஒரு வசதி, அவ்வளவுதான். இணையத்தில் கிடந்தது என்பதும் ஒரு வாதமே இல்லை.

என் கவலை வேறு. துணிப்பை விற்பதாகச் சொல்கிறீர்களே, இதுவரை எத்தனை பைகள் அச்சிட்டீர்கள்?

அதே சட்டத்தின் 15(2) பிரிவைப் பெரும்பாலான ஓவியர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பொருள்களின் தோற்றத்தைப் பதிந்து பாதுகாக்கும் வடிவமைப்புச் சட்டம் என்று தனியே ஒன்று உண்டு. அதன்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை முடிந்துபோகிறது. ஆடை வடிவமைப்பாளர் ரித்து குமாரின் நிறுவனம் பீபா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு, 2016-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவால்தான் தோற்றது. உழைத்து நன்றாக விற்றவருக்குக் குறைந்த பாதுகாப்பு என்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

இதில் இரண்டு ஆறுதல்கள். அந்த 50 என்பது நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ செய்த பிரதிகளின் கணக்கு. திருடியவர் ஐயாயிரம் டி-ஷர்ட் அடித்தாலும் அது உங்கள் கணக்கில் ஏறாது. அடுத்து, தனி ஓவியமாகப் பிறந்த படமும் துணியில் அச்சிடுவதற்கென்றே போடப்பட்ட டிசைனும் ஒன்றல்ல. 2025-இல் கிரையோகேஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு படைப்பு கலைப்படைப்பா, தொழில்முறைக்கான வடிவமைப்பா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அதன் தன்மையை வைத்தே பார்க்க வேண்டும் என்றது. ஆகவே அந்தப் படம் முதலில் காகிதத்தில் ஓவியமாக, கையெழுத்தும் தேதியுமாக இருந்தது என்று காட்ட முடிந்தால் உங்கள் தரப்பு வலுவாக இருக்கும். பை விற்பனைக் கணக்கையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவது அதைத்தான்.

கொக்கைத் திருப்பி வைத்தது பெரிய தப்பித்தல் இல்லை. எருமை மேல் கொக்கு என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை. வயற்காட்டுப் பக்கம் போகிற யாரும் வரையலாம். நீங்கள் வரைந்த விதம் மட்டும்தான் உங்களுடையது. இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கொம்பின் வளைவு, நிழலின் கோடு, நீங்கள் தவறுதலாக விட்ட ஒரு புள்ளி ஆகியவை அங்கும் இருந்தால், அந்தப் புள்ளியே பெரிய சாட்சி.

அடுத்து ஆதாரம். அவர்களுக்கு இன்னொரு வரி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் போன மறுநாளே பக்கம் காணாமல் போகும். ஒரு டி-ஷர்ட்டைக் காசு கொடுத்து வாங்கி, பில்லையும் உறையையும் பத்திரப்படுத்துங்கள். விற்பனைப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லேயர்கள் கலையாத உங்கள் மூலக் கோப்பு, பென்சில் வரைவு, முதலில் வெளியிட்ட பதிவு எல்லாம் வேண்டும். மின்னணு ஆதாரங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவின்படி சான்று தேவை, அதை வழக்கறிஞர் தயாரிப்பார்.

பிறகு அந்த டி-ஷர்ட் விற்கும் இணையதளத்துக்குப் புகார். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் புகைப்படமே உங்கள் ஓவியத்தின் பிரதிதான். 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அதை முடக்கச் சொல்கிறது. ஆனால் 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தராவிட்டால் பக்கம் மீண்டும் திறக்கலாம். ஆகவே வழக்கறிஞரை முடிவு செய்துகொண்டு புகார் அனுப்புவதே நல்லது.

ஊரறிய ‘திருடர்கள்’ என்று பதிவு போடும் ஆசை வரும். அது சில சமயம் பலிப்பதும் உண்டு. 2018-இல் தில்லியின் ‘பீப்பிள் ட்ரீ’ குழுவினர், தங்கள் யோகாசன அச்சு பிரெஞ்சு ஆடை நிறுவனமான டியோரின் உடையில் இருப்பதாகப் பொதுவில் குரல் கொடுத்தார்கள். விவகாரம் பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. ஆனால் ஆதாரம் கையில் இல்லாமல் குற்றம் சாட்டினால் அவதூறு வழக்கு வரலாம். அடிப்படையில்லாத மிரட்டலுக்கு எதிராக அவர்களே நீதிமன்றம் போகவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. இரண்டு படங்களையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, அடைமொழியைப் பார்ப்பவரிடம் விடுங்கள்.

தெரிந்தே செய்த மீறலுக்கு அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது பணமும் பெயரும் என்றால் வக்கீல் நோட்டீஸே போதுமான தொடக்கம். எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை விற்றார்கள், மீதிச் சரக்கு எங்கே என்ற கணக்கை முதலில் கேளுங்கள். தொகையைப் பிறகு பேசலாம்.

அவர்கள் இறங்கிவந்து “உரிமம் கொடுங்கள், தொடர்ந்து விற்கிறோம்” என்றால், அவசரத்தில் உரிமையையே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பொருள், எந்த ஊர், எத்தனை காலம், எவ்வளவு தொகை என்று நான்கையும் எழுத்தில் வையுங்கள். உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த படத்தைத் துணியில் அடிக்கும் எண்ணம் இருந்தால், இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்பே வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு பத்து ஆண்டுகள், புதுப்பித்தால் மேலும் ஐந்து. வெளியே காட்டிவிட்ட வடிவமைப்பைப் ‘புதியது’ என்று பதிய முடியாது.