குடித்துவிட்டு வண்டி ஓட்டினீர்களா என்று போலீஸ் ஊதச் சொல்லும் கருவி சொன்னதே முடிவா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்

மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினேன். அண்ணா சாலையில் ஊதச் சொன்னார்கள், 42 காட்டியது. நான் குடிக்கவே இல்லை சார்! – வாசகர், ராயப்பேட்டை

வரம்பு 30தான், ஆனால் இப்படி நடக்கக்கூடியதுதான். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷோ இருமல் மருந்தோ வாயில் தங்கியிருந்தால் கருவி அதையும் சேர்த்து அளந்துவிடும். ஆனால் அது கால் மணி நேரத்தில் போய்விடும். ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். அதனால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று அங்கேயே, மரியாதையாகக் கேட்டிருக்க வேண்டும். மறுத்தால், உடனே ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, நேரம் போட்ட ரசீதை வாங்கி வைப்பது நல்லது. கோர்ட்டில் அதற்கு, போலீஸ் எடுத்த ரத்த மாதிரி அளவுக்கு மதிப்பு இருக்காது, ஆனாலும் உதவும்.

சரி, இப்போது என்ன வழி? கருவி தந்த ஸ்லிப்பில் உள்ள நேரம், கருவி எண் இரண்டையும் பாருங்கள். கருவி சரிபார்க்கப்பட்ட சான்றிதழைக் கேட்டு உங்கள் வழக்கறிஞர் மனு போடட்டும். அந்த ஸ்லிப் மின்னணுப் பதிவு என்பதால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசெய்யும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஊதவே மறுத்துவிட்டால்? – வேளச்சேரி

வேண்டாம். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 205ஆம் பிரிவின்படி அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கும்.

தம்பியைக் கைது செய்து விடியும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். டாக்டரிடம் காட்டவே இல்லை. – அக்கா, பெரம்பூர்

இது முக்கியமான விஷயம்மா. மோட்டார் வாகனச் சட்டம் 202ஆம் பிரிவின்படி, கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இதனாலேயே வழக்கு தானாக விழுந்துவிடாது. ஆனால் குடித்த வாடை, தள்ளாட்டம் என்று மட்டும் சொல்லிப் போலீஸ் நின்றால், ரத்தப் பரிசோதனை இல்லாதது பெரிய ஓட்டை. உச்ச நீதிமன்றமே 1971இல் ஒரு வழக்கில் அப்படிப்பட்ட அடையாளங்கள் மட்டும் போதாது என்றது. கைது நேரத்தை ஆவணங்களிலிருந்து எடுத்து வையுங்கள்.

இரண்டு பீர்தான், 38 வந்தது. ஃபைன் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா? – திருவான்மியூர்

100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. கருவியில் குறையிருந்தால் வாதாடலாம். குடித்தது உண்மையென்றால் எண்ணோடு சண்டை போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள், யார் மேலாவது வண்டி ஏறியிருந்தால் என்னவென்று யோசியுங்கள். இது ஸ்பாட் ஃபைன் இல்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும்: 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்புறம் லைசென்ஸும் குறைந்தது 6 மாதம் போகும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய், சிறை 2 வருடம் வரை. கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.