கப்பலில் இருக்கும் பழைய தீயணைப்பு நுரைக்குத் தடை வந்திருக்கிறதாமே, அதன் டேட்டா ஷீட்டை (என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் தாள்) காட்டினால் போதாதா?

போதாதுங்க. கப்பல் என்ஜின் ரூமில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது லீவில் கோத்தகிரி வீட்டில் இருக்கிறேன். போன தடவை இறங்குவதற்கு முன் இந்த நுரையைத் தேடி அகற்றும் வேலையைத்தான் முடித்தேன்.

தடை பி.எஃப்.ஓ.எஸ். என்ற ஃபுளோரின் சேர்மத்துக்கு. எண்ணெய்த் தீயின் மேல் நுரை படலமாகப் பரவ இதைச் சேர்த்தார்கள். இது மக்காது, மீன் வழியாக நம் ரத்தம் வரை வந்து தங்கிவிடும். மக்காத நச்சுச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009-லேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் விதி இப்போதுதான் வந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் புதுக் கப்பலில் இருக்கவே கூடாது. பழைய கப்பலுக்கு அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் சர்வே (கப்பலின் பாதுகாப்புச் சோதனை) வரை அவகாசம். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தடை.

பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் தப்பு. பலர் சறுக்குவது இங்கேதான். எங்கள் ஃபோம் டேங்குக்குத் அதில் பி.எஃப்.ஓ.எஸ். இல்லை என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த டிக்ளரேஷன் இருந்தது, பேட்ச் நம்பரும் பொருந்தியது. ஆனால் பெயின்ட் ஸ்டோரில், கயிற்றுச் சுருளுக்குப் பின்னால், மூன்று 20 லிட்டர் நுரை கேன்கள். லேபிள் எண்ணெய் பட்டுக் கருத்துப்போய், தயாரித்த வருடத்தில் கடைசி இரண்டு எண்கள் தெரியவில்லை. அதன் டேட்டா ஷீட்டில் ‘ஃபுளோரோ சர்ஃபாக்டன்ட், வணிக ரகசியம்’ என்று ஒரே வரி. அது பி.எஃப்.ஓ.எஸ்.தானா, வேறா என்று அதை வைத்து எப்படி முடிவு செய்வது? மூன்றிலும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். அதில் ஒரு கேன் தேறவில்லை.

அதனால் பெரிய டேங்கோடு நிற்காதீர்கள். கையில் தூக்கும் நுரை அணைப்பான்கள், ஃபோம் அப்ளிகேட்டர் கேன்கள், ஸ்பேர் எல்லாவற்றையும் எண்ணுங்கள். இடையில் வேறு பிராண்ட் ஊற்றி நிரப்பிய டேங்க் என்றால் டிக்ளரேஷனை நம்பாமல் சாம்பிள் எடுங்கள். ஃபோம் தரத்துக்கு வழக்கமாக அனுப்பும் சாம்பிளோடு சேர்த்து அனுப்பினால் அலைச்சல் மிச்சம்.

அப்புறம் கழுவுவது. டேங்கிலும் பைப்பிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவிய தண்ணீரையும் டிரம்மில் பிடித்துக் கரையில்தான் ஒப்படைக்க வேண்டும். ‘கொஞ்சம்தானே, கடல் பெரிசு’ என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கேத்தரின் அருவியில் விழும் தண்ணீர் கல்லாறாகி பவானியில் சேருகிறது. மேலே கொட்டுவது கீழே யார் குடத்தில் போய் நிற்கும் என்று பார்த்தே வளர்ந்தவன் நான். கோத்தகிரிக்கு ஏறும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக்கூட மலைக்கு மேலே விடுவதில்லை.

மாற்றும்போது ஃபுளோரினே இல்லாத நுரைக்குப் போய்விடுங்கள் என்பேன், இதன் உறவுக்காரச் சேர்மங்களுக்கும் ஒவ்வொன்றாகத் தடை வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். நுரையைத் தண்ணீரோடு கலக்கும் பழைய புரொபோர்ஷனர் அதைச் சரியான விகிதத்தில் கலக்குமா என்று தயாரிப்பாளரிடமும் கிளாஸிடமும் (கப்பலுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஊற்றுங்கள். கரையில் இறக்கியதற்கான ரசீதையும் லேப் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்தால், சர்வேயர் வரும்போது தேட வேண்டியிருக்காது.