க்ளாப்புக்குப் பிறகு லிவர்பூல்: ஸ்லாட்டின் முதல் சீசன் பற்றி உங்கள் கேள்விகள்

இங்கிலாந்து கால்பந்தின் 2024–25 பிரீமியர் லீக் பட்டத்தை, யூர்கன் க்ளாப் விலகிய பிறகு அந்த சீசனில் புதிதாக வந்த மேனேஜர் ஆர்னே ஸ்லாட்டோடு லிவர்பூல் வென்றது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சார், க்ளாப் கட்டி வைத்த அணிதானே? ஸ்லாட்டுக்கு இதில் என்ன பெருமை?

அணி க்ளாப்புடையதுதான், மறுக்கவே முடியாது. அந்தக் கோடையில் உடனே ஆட வாங்கிய ஒரே ஆள் ஃபெடரிகோ கியேசா. அவரும் லீக்கில் ஆடியது சொற்பம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். முந்தைய சீசனில் ஏறக்குறைய இதே ஆட்கள் 38 ஆட்டங்களில் 82 புள்ளி எடுத்து மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். ஸ்லாட் வந்த பிறகு அதே 82 புள்ளி 34 ஆட்டங்களில் வந்துவிட்டது. ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5–1 என்று வென்றதும் பட்டம் உறுதி, இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி. கடைசி நான்கில் இரண்டே புள்ளி எடுத்ததால்தான் முடிவில் 84 என்று நிற்கிறது. போட்டியில் இருந்த மான்செஸ்டர் சிட்டியும் அர்செனலும் சறுக்கியது உதவியது, சரி. அதற்காக இவர்கள் ஓடிய ஓட்டம் இல்லையென்று ஆகிவிடாது.

பட்டம் வென்ற அன்று மைக்கைப் பிடித்து க்ளாப் பெயரை ரசிகர்களோடு சேர்ந்து பாடியவரே ஸ்லாட்தான். யாருடைய அணி என்பது அவருக்கும் தெரியும்.

அண்ணா, ஆட்டத்தில் அப்படி என்னதான் மாற்றினார்?

வேகத்தைக் குறைத்தார். என் கணிப்பில் சீசனே இந்த இடத்தில்தான் இருக்கிறது. க்ளாப் காலத்தில் பந்து கிடைத்த நொடியே முன்னால் பாய்வார்கள். பார்க்க அற்புதம், ஆனால் எதிரணியும் அதே வேகத்தில் திரும்பி வரும். ஸ்லாட் அணி பந்தைப் பின்னால் வைத்துச் சுற்றி, எதிராளியை இழுத்து, இடம் திறந்த பிறகுதான் போகும்.

அதற்கு டிஃபென்ஸுக்கு முன்னால் நிதானமான ஒருவர் வேண்டும். ஸ்பெயின் கிளப் ரியல் சோசியதாத்தின் சுபிமென்டியைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. முந்தைய சீசனில் பாதி நேரம் பெஞ்சில் இருந்த ரயன் கிராவன்பர்சை அங்கே நிறுத்தினார் ஸ்லாட். அவர் பந்து வாங்குவதைக் கொஞ்சம் கவனியுங்கள். முதுகில் ஆள் ஒட்டி நிற்கும். பந்தை நிறுத்தாமல் கால் ஓரமாக ஓடவிட்டு, இடுப்பைத் திருப்பி, அந்த ஆளைப் பின்னால் விட்டுவிட்டு நடப்பார். ஒரே திருப்பத்தில் எதிரணியின் பிரஸ், அதாவது பந்தைப் பறிக்க முன்னேறி நெருக்குவது, முழுக்க வீண். சீசனின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குப் போனது ரொம்பச் சரி.

இடைவேளைக்கு அப்புறம் லிவர்பூல் வேறு அணி மாதிரி ஆடியதே, நிஜமா?

நிஜம்தான். முதல் ஆட்டத்திலேயே ஸ்லாட் காட்டிவிட்டார். இப்ஸ்விச்சில் இடைவேளையில் கோலே இல்லை. பந்துக்கான மோதல்களில் தோற்கிறோம் என்று டிஃபென்ஸில் குவான்சாவை எடுத்துவிட்டு கொனாத்தேயை இறக்கினார், 2–0 வெற்றி. நவம்பரில் பிரைட்டனிடம் 0–1 பின்தங்கி 2–1. மார்ச்சில் கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்ப்டனிடம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே பின்தங்கியபோது இடைவேளையில் ஒரே மூச்சில் மூன்று பேரை மாற்றினார், 3–1.

இப்ஸ்விச் ஆட்டத்தின் முதல் கோல், அதாவது ஸ்லாட் காலத்தின் முதல் கோல், டியோகோ ஜோட்டா அடித்தது. ஏப்ரலில் எவர்ட்டனை 1–0 என்று வீழ்த்திய கோலும் அவருடையது. 2025 ஜூலையில் கார் விபத்தில் அவரை இழந்துவிட்டோம். இந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வராது.

32 வயதில் சாலாவுக்கு எப்படி இது முடிந்தது?

29 கோல், 18 அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்). இரண்டையும் கூட்டினால் 47, 38 ஆட்ட சீசனில் இதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. பின்னால் ஓடித் தடுக்கும் வேலையைக் குறைத்தால் முன்னால் பலன் தருகிறேன் என்று ஸ்லாட்டிடம் கேட்டதை சாலாவே சொல்லியிருக்கிறார். சொன்னபடி செய்தும் காட்டினார். வலப்பக்கம் அவர் விட்ட இடத்தையெல்லாம் ஓடி அடைத்தவர் பெரும்பாலும் நடுக்கள வீரர் சொபோஸ்லாய். அந்தப் பையனுக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை.

முதல் சீசனிலேயே பட்டம் வென்ற மேனேஜர்கள் வேறு யார்?

மொரின்யோ, ஆன்செலோட்டி, பெல்லெக்ரினி, கோன்டே. டச்சு மேனேஜர்களில் பிரீமியர் லீகை வென்ற முதல் ஆள் ஸ்லாட்.

குறையே இல்லையா? கப் போட்டிகளில் சொதப்பினார்களே?

சொதப்பினார்கள். எஃப்.ஏ. கப்பில் பிளிமத்திடம் தோற்றதை நான் பெரிதாக எடுக்கவில்லை, அன்று முக்கால்வாசி அணியை வெளியே வைத்திருந்தார். மார்ச்தான் வலி. ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக்கில், பாரிஸில் பி.எஸ்.ஜி.யோடு ஆடி, கோல்கீப்பர் அலிசன் தனி ஆளாகக் காப்பாற்றி 1–0 என்று வந்தோம். ஆன்ஃபீல்டில் 0–1, பிறகு பெனால்டியில் பி.எஸ்.ஜி. வெளியேற்றியது. அடுத்த ஐந்தாம் நாள் வெம்பிளியில் லீக் கப் இறுதி, நியூகாசிலிடம் 1–2. அந்த ஆட்டத்தில் கால்கள் நகரவே இல்லை. சீசன் முழுக்க அதே பதினோரு பேரை நம்பியதற்குக் கொடுத்த விலை அது. ஜனவரியிலேயே ஆட்களைச் சுழற்றியிருக்க வேண்டும் என்பேன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே ஒரு ஆட்டம் சொல்லுங்களேன்.

பிப்ரவரி 23, மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 2–0. பெரும்பாலான நேரம் பந்து சிட்டியிடம்தான், ஆனால் ஆட்டம் லிவர்பூல் கையில். முதல் கோலை இரண்டு முறை போட்டுப் பாருங்கள் தம்பி. மக் அலிஸ்டர் கார்னரைத் தரையோடு அனுப்புகிறார், அருகில் ஓடிவரும் சொபோஸ்லாய் ஒரே தொடலில் சாலாவுக்குத் தட்டிவிடுகிறார், சிட்டியின் உயரமான ஆட்கள் எல்லாரும் கோலுக்கு முன்னால் தலையால் முட்டக் காத்திருக்கிறார்கள்.