அப்பலாச்சியன் ட்ரெயில்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். வரும் மார்ச்சில் ஜார்ஜியாவில் தொடங்கி அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நீண்ட மலை நடைபாதை முழுவதையும் நடக்கத் திட்டம். ஆறு மாத விடுப்பும் கிடைத்துவிட்டது. 65 லிட்டர் முதுகுப்பை ஒன்று நல்ல தள்ளுபடியில் வருகிறது. முதலில் அதை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பையைக் கடைசியில் வாங்குங்கள். 65 லிட்டர் பை கையில் இருந்தால் அதை நிரப்பத்தான் மனம் போகும், நிரப்பியதை 3,500 கிலோமீட்டர் சுமப்பது உங்கள் முட்டிதான். கூடாரம், தூங்கும் பை, அடியில் விரிக்கும் மெத்தை ஆகிய மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற சாமான்களோடு எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டியோடு கடைக்குப் போங்கள். அங்கேயே பையில் அடுக்கி, தோளில் மாட்டி, அரை மணி நேரம் கடைக்குள் நடந்து பாருங்கள். கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம்தான் பையின் அளவைத் தீர்மானிக்கிறது, உங்கள் உயரம் அல்ல. பாரம் பெரும்பாலும் இடுப்பில் உட்கார வேண்டும். தோளில் இழுத்தால் அந்தப் பை உங்களுக்கானது இல்லை. சாமான் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு 50, 55 லிட்டரே தாராளம்.

வாங்குவதற்கு முன் ஒரு நல்ல தராசு வேண்டும். சமையலறைத் தராசு போதும். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மீதி எடையைப் பேஸ் வெயிட் என்பார்கள். முதன்முறை போகிறவருக்கு 7, 8 கிலோவுக்குள் அது நின்றால் நல்லது. பாதை தொடங்கும் ஸ்பிரிங்கர் மலையில் கிளம்பி சுமார் 50 கிலோமீட்டரில் நீல் கேப் என்ற கணவாய் வரும். பாதை அங்கே ஒரு பழைய கல் கட்டடத்தின் ஊடாகவே போகிறது. அதில் இருப்பது நடைப் பொருட்கள் விற்கும் கடை. ஒவ்வொரு வசந்தத்திலும் பலர் அங்கே பையைத் தரையில் கொட்டி, இரண்டாவது ஜீன்ஸ், கோடாரி, கனமான பாத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வேலையை எடிசனிலேயே, உங்கள் வரவேற்பறைத் தரையில் செய்துவிடுங்கள்.

நீங்கள் இருக்கும் இடம் ஒரு பெரிய வசதி. இந்தப் பாதையில் சுமார் 115 கிலோமீட்டர் நியூஜெர்சிக்குள்ளேயே வருகிறது. நவம்பரில், மழை வரும் என்று தெரிந்த ஒரு வார இறுதியாகப் பார்த்து, டெலவேர் வாட்டர் கேப்பிலிருந்து இரண்டு இரவு போய், சாமான்களைச் சோதித்து வாருங்கள். ஆர்.இ.ஐ போன்ற கடையில் உறுப்பினராக இருந்தால், பயன்படுத்திய பொருள் பிடிக்காவிட்டாலும் ஓராண்டுக்குள் திருப்பித் தரலாம். உறுப்பினர் அல்லாதவருக்கு 90 நாள். தள்ளுபடி விலையை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்கினால், ஒருமுறை மண் பட்ட பொருளைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த விதியைப் படியுங்கள்.

கேள்வி: 20 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்ட தூங்கும் பை வாங்கினேன். வெளியே 35 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்த இரவிலேயே நடுங்கிவிட்டேன். அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு இருந்தது. பை போலியா?

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. பெயரில் இருக்கும் எண்ணை நம்பியதுதான் சிக்கல். பையின் உள்தையலில் ஒரு சின்ன லேபிள் இருக்கும், அதைப் புரட்டிப் பாருங்கள். சோதனை செய்யப்பட்ட பையில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு வெப்பநிலைகள் தனித்தனியாக இருக்கும். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடக்கூடிய குளிர். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். ஆண்கள் பைகளில் பல சமயம் லிமிட் எண்ணையே பெயராக வைத்துவிடுகிறார்கள். 20 டிகிரி ஃபாரன்ஹீட் லிமிட் உள்ள பைக்குக் கம்ஃபர்ட் பெரும்பாலும் 30ஐ ஒட்டி இருக்கும். நம்மில் பலருக்குக் குளிர் சீக்கிரம் உறைக்கும். ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் அந்த ஃபோம் விரிப்பின் மேல்தான். தூங்கும் பைக்குள் அடைத்த இறகு உடம்புக்கு அடியில் நசுங்கினால் சூட்டைப் பிடித்துவைக்காது. முதுகின் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். அதைத் தடுக்கும் திறனுக்கு ஆர் வேல்யூ என்று பெயர். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் ஓர் எண் போட்டது. 2020 முதல் பெரிய நிறுவனங்கள் ஒரே சோதனை முறைக்கு வந்துவிட்டதால் இப்போது இந்த எண்ணை ஒப்பிட்டு வாங்கலாம். மெல்லிய ஃபோம் விரிப்பு 2ஐ ஒட்டித்தான் இருக்கும். மார்ச் மாத ஜார்ஜியா மலைக்கு 4க்குக் குறையாமல் வேண்டும். இரண்டு விரிப்பை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் எண்களும் கூடும். அதனால் ஃபோமைத் தூக்கிப் போடாதீர்கள். 3 உள்ள காற்று மெத்தை ஒன்றை அதன் மேல் போட்டுப் பாருங்கள், புதுப் பைக்கான செலவே மிச்சமாகலாம்.

கேள்வி: கணுக்காலை மூடும் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸா, ட்ரெயில் ரன்னர் என்ற லேசான ஓட்டக் காலணியா? மாமனார் பூட்ஸ்தான் பாதுகாப்பு என்கிறார்.

பதில்: மாமனாரின் அக்கறை நியாயமானது. பனியிலும் கனமான சுமையிலும் பூட்ஸ் நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க மழையில் நடக்கும்போது மேல்விளிம்பு வழியாக உள்ளே போன தண்ணீர் வாட்டர்ப்ரூஃப் காலணியை விட்டு வெளியேறாது. வலைத்துணி ட்ரெயில் ரன்னரில் நனைந்தது நடையிலேயே வடிந்து காயும். இந்தப் பாதையில் பெரும்பாலோர் இன்று அதைத்தான் போடுகிறார்கள். 1955இல் எம்மா கேட்வுட் தன் 67ஆம் வயதில் முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார், காலில் கேன்வாஸ் ஷூ.

மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், நடைக்கான சாக்ஸோடு போய் அரை முதல் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். சரிவில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கக்கூடாது. ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர்தான் தாங்கும் என்பதால், தள்ளுபடியில் ஐந்து ஜோடி மொத்தமாக வாங்கி வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஓரிரு மாதத்தில் பலருக்குப் பாதமே பெரிதாகிவிடுகிறது.

கேள்வி: கரடி திறக்க முடியாதபடி உணவை வைக்கும் அந்தக் கனமான டப்பா கட்டாயமா?

பதில்: ஜார்ஜியாவில் ஜாரார்டு கேப் முதல் நீல் கேப் வரை, மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை, இரவு தங்குவோருக்குக் கட்டாயம். அந்த 8 கிலோமீட்டரில் தங்காமல் கடந்தால் சட்டப்படி தேவையில்லை. ஸ்மோக்கி மலைத் தங்குமிடங்களில் உணவைத் தொங்கவிடக் கம்பிவடம் உண்டு, நியூஜெர்சியில் இரும்புப் பெட்டிகள் உண்டு. ஆனாலும் எடுத்துப் போங்கள் என்பேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கனம்தான். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடியைப் பல சமயம் கொன்றுவிடுகிறார்கள். அதற்கு நாம் காரணமாகக் கூடாது.

கேள்வி: சுத்த சைவம். விலையுயர்ந்த உலர் உணவுப் பாக்கெட்டுகள்தான் வழியா?

பதில்: தேவையே இல்லை. உலர் உணவில் பார்க்க வேண்டியது கிராமுக்கு எத்தனை கலோரி என்பதுதான். நெய்யில் 9, வேர்க்கடலையில் 6க்குச் சற்றுக் குறைவு, அரிசியில் மூன்றரை. இன்ஸ்டன்ட் சோறு, பருப்புப் பொடி, நெய் சேர்ந்தால் கடைப் பாக்கெட்டைவிட வயிறு நிறையும், விலையும் பல மடங்கு குறைவு. அவல் பச்சைத் தண்ணீரிலேயே ஊறிவிடுவதால் அடுப்பு பற்றவைக்க முடியாத மழைநாளுக்குக் கைகொடுக்கும். வறுத்த ரவையும் சத்துமாவும் சூடான தண்ணீர் கேட்கும், அவ்வளவுதான். ஒரு நாளுக்கு 700 முதல் 900 கிராம் கணக்கு வைத்து, நாலைந்து நாளுக்கு மேல் சுமக்காதீர்கள். வழியில் ஊர்கள் வரும். பீநட் பட்டர், டார்ட்டியா, சீஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும். பருப்புப் பொடியை மட்டும் வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.